அம்மா இருந்த பிள்ளை

நான் வளர்ந்தது ஆதரவற்ற குழந்தைகளுக்கான ஓர் இல்லத்தில். அங்கே என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் என் அம்மா. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. ஆசிரியர் வேலையில் சேர்ந்தபோது கேட்டவர்களிடம் "ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன்" என்றேன். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதையேதான் சொன்னேன். இல்லத்தில் வளர்ந்ததில் எனக்கு வெட்கம் இல்லை. அம்மாவை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான். பெற்ற பிள்ளையை விடுதியில் தள்ளியவள் என்று யாராவது பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாலும் என்னால் தாங்கியிருக்க முடியாது.

இதை எழுதலாமா என்று அம்மாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எழுதுப்பா. இன்னொருத்தி தன் பிள்ளையக் கொண்டுபோய் விடாம இருந்தாச் சரி" என்றாள். அந்த அனுமதியின் பேரில்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்தில், வானம் பார்த்த பூமி. அப்பா கிணறு தோண்டும் வேலைக்குப் போவார். 1989-ல் மண் சரிந்து போய்விட்டார். எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு நான்கு. அம்மாவுக்கு இருந்த வழி செங்கல் சூளை ஒன்றுதான். முன்பணம் வாங்கிக்கொண்டு தை மாதம் குடும்பத்தோடு போனால், மழைக்காலம் தொடங்கும்வரை சூளையிலேயே குடிசை போட்டுத் தங்க வேண்டும். அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. என்னை ஊரில் விட்டுப் போகலாம் என்றால், மதியச் சோறு பள்ளிக்கூடத்துச் சத்துணவில் கிடைத்துவிடும். காலைக்கும் இரவுக்கும் யார் போடுவது? சனி, ஞாயிறுக்கு எங்கே போவது? அந்த நேரத்தில்தான் மதுரைப் பக்கம் ஓர் இல்லம் இருப்பதாகவும், மூன்று வேளைச் சோறும் உடுப்பும் படிப்பும் கொடுப்பதாகவும் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். அம்மா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

என்னை அம்மாவிடமிருந்து பிரித்தது காலைச் சோறும் இராச் சோறும்தான். அன்பில்லாமல் விட்டுப் போனவள் இல்லை அவள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது நம் மனதில் முதலில் எழும் எண்ணம், இவர்களுக்கு யாருமே இல்லை என்பது. என்னோடு இருந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ பாட்டியோ இருந்தார்கள். புருஷன் விட்டுப் போன அம்மா, காசநோயில் படுத்த அப்பா, கடனுக்காகத் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போன குடும்பம் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஏழ்மைதான் எல்லாக் காரணங்களுக்கும் அடியில் இருந்தது.

இல்லத்தைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே போட்ட சோற்றில்தான் என் எலும்பு முற்றியது, அங்கிருந்துதான் பத்தாம் வகுப்பு எழுதினேன். எங்கள் வார்டன் அண்ணன் நல்ல மனிதர். ஆனால் அவர் ஒருவர், நாங்கள் ஐம்பது பேருக்கு மேல். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் வரிசையில் நிற்க வேண்டும், மணி அடித்தால் படுக்க வேண்டும். வீட்டில் எனக்குக் கத்தரிக்காய் ஆகாது. தட்டைத் தள்ளிவிட்டு அழுவேன், அம்மா திட்டிக்கொண்டே ஒரு வெங்காயத்தை வதக்கிப் போடுவாள். இல்லத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கத்தரிக்காய் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். நல்ல பழக்கம் என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். எனக்கு இப்போது புரிவது வேறு: அடம்பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் பிள்ளை அடம்பிடிப்பதை நிறுத்திவிடுகிறது. பிறகு கேட்பதையும் நிறுத்திவிடுகிறது. சமத்தாக இருக்கும் அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் நாம் மனம் நிறைந்து திரும்புகிறோம்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வைப் பற்றிப் பல வருடங்கள் கழித்துப் படித்தேன். காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, மறு பாதியின் வளர்ச்சியோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியும், மனிதர்களோடு ஒட்டும் தன்மையும் மேலாக இருந்தன. இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் அந்த முன்னேற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. படித்து முடித்ததும் எனக்குக் கத்தரிக்காய் ஞாபகம்தான் வந்தது.

எங்கள் இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். பிறந்தநாள், திருமண நாள், தாத்தாவின் நினைவு நாள். அன்றைக்குப் பிரியாணி, கேசரி. சில நாள் மதியத்துக்கே இரண்டு பேர் சாப்பாடு கொண்டுவந்து மிஞ்சிப்போகும், மறுநாள் ரசம் மட்டும் இருக்கும். கேக் வெட்டும் பையனுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். பெயர் தெரியாத அவனுக்காக நாங்கள் பாடுவோம். அவன் கூச்சத்தோடு ஆளுக்கொரு பென்சில் கொடுப்பான், அதைப் போட்டோ எடுப்பார்கள். சோறு போட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அவர்கள் கையால் சாப்பிட்டவன் நான், நன்றியோடுதான் சொல்கிறேன்: அவர்களில் ஒருவர் முகமும் இன்று எனக்கு நினைவில் இல்லை.

நினைவில் இருப்பவர் ஒருவர் உண்டு. ஓய்வுபெற்ற தபால்காரர். சனிக்கிழமைதோறும் சைக்கிளில் வந்து எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தருவார். வெறுங்கையோடுதான் வருவார். போன வாரம் எவன் எந்தக் கணக்கில் தடுமாறினான் என்பதை நினைவில் வைத்திருந்து, வந்ததும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு சனிக்கிழமை நான் மூலையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "என்னடா, அம்மா இந்த மாசம் வரலையா?" என்று கேட்டார். எனக்கு ஓர் அம்மா இருப்பதும், அவள் மாதம் ஒருமுறை வருவதும், அந்த மாதம் வராததும் இல்லத்துக்கு வெளியே ஒரு மனிதருக்குத் தெரிந்திருந்தது. நான் கணக்கு வாத்தியாரானதற்கு அவர்தான் காரணம். வாரம் ஒரு மணி நேரம், அதே ஆள், அதே நேரம், ஆண்டுக்கணக்கில். ஒரு பிள்ளைக்கு ஊர் செய்யக்கூடியதில் இதற்கு மேலான உதவியை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் பக்கத்துப் பாயில் படுத்தவனுக்கு நிஜமாகவே யாரும் இல்லை. ரயில்வே ஸ்டேஷனில் கண்டெடுத்துக் கொண்டுவந்தார்கள். சொந்த ஊர் பெயர்கூட அவனுக்குச் சரியாகத் தெரியாது. கோடை விடுமுறை விட்டதும் எங்களுக்கெல்லாம் ஆள் வரும். அவன் கேட்டுவரை வந்து வழியனுப்புவான். திரும்பி வரும்போது சூளையிலிருந்து அம்மா வாங்கிக் கொடுத்த முறுக்கில் பாதியை அவனுக்கு வைத்திருப்பேன். பதினெட்டு வயது நிறைந்ததும் அவன் இல்லத்தை விட்டுப் போக வேண்டியிருந்தது. ஒரு தகரப் பெட்டி, இரண்டு செட் உடுப்பு, ஒரு ஓட்டல் வேலைக்கான முகவரி. ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இல்லாதவனுக்கு யாரும் வீடு தர மாட்டார்கள். காய்ச்சல் வந்து மூன்று நாள் வேலைக்குப் போகாவிட்டால் போய் நிற்க ஒரு வாசல் இருக்காது. இரண்டு கடிதம் போட்டான், பிறகு நின்றுவிட்டது. எங்களிடையே இருந்த வித்தியாசத்தை அப்போதுதான் முழுதாக உணர்ந்தேன். நானும் பதினெட்டில் வெளியே வந்தவன்தான். ஆனால் நான் போனது அம்மாவின் குடிசைக்கு.

ஆக, இல்லத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே உதவி பொருந்தாது. வீடு இருக்கும் பிள்ளைக்கு அந்த வீடு சாய்ந்துவிடாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். வீடே இல்லாத பிள்ளைக்கு விட்டுப் போகாத ஒரு மனிதர் வேண்டும், பதினெட்டுக்குப் பிறகும் வேண்டும். என் வாழ்க்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்.

2015-ல் இயற்றப்பட்டு 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டத்தைப் படித்தபோது, இதையே அரசும் சட்டமாக எழுதி வைத்திருப்பதைக் கண்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிள்ளையைக் காப்பகத்தில் வைப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி முடிவாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. பிள்ளைக்குத் தன் குடும்பத்தோடு சேர்ந்து வாழ உரிமை உண்டு என்பதும் அதில் இருக்கிறது. அதற்குத் தோதாக நிதி ஆதரவுத் திட்டமும் உண்டு. மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின் கீழ் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவனை இழந்தோ கைவிடப்பட்டோ தனியாக நிற்கும் தாயின் பிள்ளைகள், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகள், பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் விழுந்த பிள்ளைகள் ஆகியோருக்குக் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாயையும் நகரத்தில் 96,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் காலை உணவு 2022 செப்டம்பரில் மதுரையில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. என் பள்ளியில் முதல் நாள் அந்த உப்புமாவைப் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 1989-ல் இந்த ஒரு தட்டும் அம்மா கையில் மாதம் ஒரு தொகையும் இருந்திருந்தால் நான் பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

திட்டம் காகிதத்தில் இருப்பதும், ஒரு வீட்டின் அடுப்பு வரைக்கும் வந்து சேர்வதும் வேறு வேறு. இடையில் ஊர் நிற்க வேண்டும். எங்கள் ஊராட்சியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணும், மூன்றாம் வகுப்பில் அவள் தம்பியும். அம்மா இறந்துவிட்டாள், அப்பா எங்கோ போய்விட்டான். ஆடு மேய்க்கும் அப்பத்தா வளர்க்கிறாள். ஒருநாள் அந்த அப்பத்தா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். "சார், எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு. ரெண்டு பேரையும் ஹோம்ல சேத்து விட்ருங்க சார். நல்லா இருக்கட்டும்" என்றாள். என் அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பாள். "கொஞ்சம் பொறுங்கத்தா. பிள்ளைக உங்ககிட்டயே இருக்க வழி இருக்கு, பாப்போம்" என்றேன்.

பிறகு நடந்தது எல்லாம் அலைச்சல். ஒவ்வோர் ஊராட்சியிலும் தலைவரின் கீழ் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அது பேருக்குத்தான் இருந்தது. தலைவரைப் பார்த்துப் பேசிக் கூட்டத்தைக் கூட்டினோம். அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், மகளிர் குழுத் தலைவி, இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள். தாயின் இறப்பை யாரும் பதிவு செய்திருக்கவில்லை. அதற்கு வட்டாட்சியர் அலுவலகம் வழியாகப் போக வேண்டியிருந்தது. தகப்பன் விட்டுப் போனதற்குக் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துச் சொல்ல வேண்டும். வருமானச் சான்று, படிப்புச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார், பிள்ளைகள் பெயரில் வங்கிக் கணக்கு. படிக்கத் தெரியாத, கண் மங்கிய ஒரு கிழவியால் இதில் ஒன்றைக்கூடத் தனியாக வாங்க முடியாது. இந்தக் காகிதங்களுக்குப் பயந்தே எத்தனை பாட்டிகள் பேரப்பிள்ளைகளை இல்லத்து வாசலில் விட்டிருப்பார்கள்!

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். பணம் வரும்வரை மகளிர் குழுப் பெண்கள் முறை வைத்து இரவுச் சாப்பாடு கொடுத்தார்கள். ஒழுகிய கூரையை இளவட்டங்கள் சேர்ந்து மாற்றினார்கள். அப்பத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்க்கு மனு எழுதினோம், அரசு ஆஸ்பத்திரியில் கண்ணில் புரை எடுக்கவும் கூட்டிப் போனோம். பெண் பிள்ளை இரவில் தனியாக இருக்க நேர்ந்தால் பக்கத்து வீட்டு அக்கா கூடப் படுத்துக்கொள்வதாக ஏற்பாடு. கடைசியில் இருவருக்கும் நிதி ஆதரவு வந்தது. இன்று அந்தப் பையன் முட்டைக்குழம்புதான் வேண்டும் என்று அப்பத்தாவிடம் அடம்பிடிக்கிறான். அவள் என்னைப் பார்த்ததும் அதைப் புகாராகச் சொல்கிறாள். எனக்கு அதைக் கேட்கக் கேட்க இனிக்கிறது.

தெருவில் வாழும் பிள்ளைகளின் கதை இன்னும் சிக்கலானது. நடைபாதையில் குடும்பத்தோடு தூங்குபவர்கள், பகலெல்லாம் தெருவில் பூவும் பொம்மையும் விற்றுவிட்டு இரவில் குடிசைக்குப் போகிறவர்கள், வீட்டோடு தொடர்பே அற்றுப் போனவர்கள் என்று அதில் பல வகை. விடுமுறைகளில் தன்னார்வலர்களோடு மதுரை ஜங்ஷனில் நின்றபோது நான் கற்றுக்கொண்டது, ரயிலிலிருந்து தனியாக இறங்கும் பிள்ளைக்கு முதல் சில மணி நேரமே முக்கியம் என்பது. அதற்குள் நல்லவர் கண்ணில் பட வேண்டும். தாமதித்தால் வேலைக்குப் பிடித்துப் போகிறவரோ, பிச்சைக்கு உட்கார வைப்பவரோ முந்திக்கொள்வார். கொஞ்ச நாளில் பஞ்சர் ஒட்டும் பசையைத் துணியில் நனைத்து முகரப் பழகிவிடுகிறார்கள். பசியையும் பயத்தையும் மரத்துப்போகச் செய்ய அவர்களுக்கு மலிவாகக் கிடைக்கும் மருந்து அது. அந்தப் பிள்ளையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை நினைக்க வேண்டும்.

அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் 1098-க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். 1996-ல் மும்பையில் தெருவோரப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இந்த உதவி எண் இன்று அரசின் பொறுப்பில் இயங்குகிறது. மீட்கப்படும் பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். அடுத்து என்ன என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். பிச்சை கேட்டு நீளும் சிறு கையில் காசு போடும்போது, அது பின்னால் நிற்கும் ஆளுக்குப் போகக்கூடும். பிள்ளையைப் பிச்சைக்குப் பயன்படுத்துவது ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

வீட்டுக்கு அனுப்புவதே எப்போதும் நல்லது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஜங்ஷனில் ஒரு பெண் பிள்ளை, எவ்வளவு கேட்டும் ஊர் பெயரைச் சொல்லவில்லை. பெண் காவலர் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து, வெகு நேரம் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகுதான் பேசினாள். அவள் ஓடி வந்ததே வீட்டுக்குள் இருந்த ஓர் ஆளுக்குப் பயந்து. விசாரிக்காமல் திருப்பி அனுப்பியிருந்தால் நாமே அவளை அந்த ஆளிடம் பிடித்துக் கொடுத்ததாக ஆகியிருக்கும். அவளுக்கு இல்லம்தான் அப்போதைக்குப் பாதுகாப்பு. இல்லங்கள் வேண்டும், நல்லபடியாக, பதிவு பெற்று, கண்காணிப்போடு நடக்க வேண்டும். சோற்றுக்கு வழியில்லாத பிள்ளைகளால் அவை நிரம்பி வழியாமல் இருந்தால்தான் இப்படிப்பட்ட பெண்ணைக் கவனிக்க வார்டனுக்கு நேரம் இருக்கும்.

கொடுக்க நினைக்கும் மனம் நம் ஊரில் குறைவில்லை. கொடுக்கும் விதத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். இல்லத்தில் விருந்து வைக்கும் பணத்தில் பாதியைக் கொண்டு, அங்கே இருக்கும் ஒரு பிள்ளையின் தாய்க்குத் தையல் மிஷின் வாங்க முடியுமா என்று நிர்வாகியிடம் கேளுங்கள். வாரம் ஒரு மணி நேரம் பாடம் சொல்லித் தர முடியுமானால், இடையில் நிறுத்த மாட்டேன் என்ற உறுதியோடு தொடங்குங்கள். நம்பி ஒட்டிய பிறகு காணாமல் போகிறவர்களை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்தவர்கள். போட்டோ எடுத்துப் பகிராதீர்கள். பாதுகாப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், தட்டேந்திய படம் ஊர் முழுக்கச் சுற்றுவதை எந்தப் பிள்ளையும் விரும்பாது என்பதை அந்த வரிசையில் நின்றவனாகச் சொல்கிறேன்.

பதினெட்டு நிறைந்து வெளியே வருகிறவர்களை மறந்துவிடாதீர்கள். 21 வயது வரை பிற்காப்பு உதவிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் வாடகை வீட்டுக்கு ஜாமீன் நிற்கவும், நேர்காணலுக்குப் போகும் முன் சட்டையைச் சரிசெய்து விடவும், கல்யாணத்தில் பெரியவராக முன்னால் நிற்கவும் எந்தச் சட்டத்தாலும் முடியாது. அதை ஒரு குடும்பம்தான் செய்ய முடியும். என் மனைவியும் நானும் இரண்டு பேருக்கு அப்படி நிற்கிறோம். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மா அவர்களைத் தன் பேரன்கள் என்றே ஊரில் சொல்கிறாள்.

உங்கள் ஊராட்சியிலோ வார்டிலோ குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். கூடவில்லை என்றால் கூட்டச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு, பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கு, மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருப்பது தெரியுமா என்று விசாரியுங்கள். தெரியாது என்றால் அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு அவர்களோடு நீங்களும் பஸ் ஏறுங்கள். ஒரு பிள்ளை தன் வீட்டிலேயே வளர்வதற்கு, பல நேரம், கூட வர ஓர் ஆள் இருந்தால் போதும்.